பழைய ப்ளூஸ் பாடகிகளைத் தேடிக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை) என்றதும் பலருக்கு மனதில் வருவது, மிசிசிப்பியில் எங்கோ கிடாரோடு தனியாக உட்கார்ந்து பாடும் ஓர் ஆண். ராபர்ட் ஜான்சனில் தொடங்கி அவரைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். ஜான்சன் முதன்முதலில் பதிவுக்குப் பாடியது 1936 நவம்பரில். அதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்பே, 1920 ஆகஸ்டில், நியூயார்க்கில் ஒகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக மேமி ஸ்மித் 'கிரேசி ப்ளூஸ்' பாடிவிட்டார். அந்தத் தட்டு விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. 1920களின் முதல் பாதியில் ப்ளூஸ் தட்டு என்றாலே பெரும்பாலும் பெண் குரல்தான்: மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், ஐடா காக்ஸ், சிப்பி வாலஸ், ஆல்பர்ட்டா ஹன்டர்.

அப்புறம் ஏன் இவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்? 1960களில் பழைய தட்டுகளைத் தேடி அலைந்த வெள்ளைக்கார இளைஞர்கள் பலருக்குப் பிடித்தது கிராமத்துக் கிடார். அப்படிக் கிடாரோடு பாடிய மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை 1963இலும், ஸ்கிப் ஜேம்ஸையும் சன் ஹவுஸையும் 1964இலும் தேடிப்போய்க் கண்டுபிடித்தார்கள். பியானோ, கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) சகிதம் மேடையில் ஜொலிக்கும் உடையில் பாடிய பெண்களோ அவர்கள் கண்ணுக்கு வெறும் கேளிக்கைக்காரர்கள். இன்று நம் கைக்கு வரும் 'ப்ளூஸ் மேதைகள்' பட்டியலில் அந்தச் சேகரிப்பாளர்களின் ரசனைதான் நிறைய இருக்கிறது. ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிவு செய்தவற்றை நானும் விடாமல் கேட்பவன்தான். ஆனால் அந்தப் பட்டியலையே வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த தவறு, பெயரை நம்புவது. மேமி, பெஸ்ஸி, கிளாரா, டிரிக்ஸி, லாரா என்று அந்தக் காலத்தில் ஸ்மித் என்ற பெயரில் ஐந்து பாடகிகள் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொந்தமே கிடையாது. இணையத்தில் ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் படம் போட்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இதைவிடச் சிக்கலானது புனைபெயர். ஆல்பர்ட்டா ஹன்டர் ஒரு கம்பெனிக்குப் பாடிக்கொண்டிருந்தபோதே ஜெனெட் கம்பெனிக்காக 1924இல் 'ஜோசஃபின் பீட்டி' என்ற பெயரில் பாடினார். லூசில் போகன் 1930களில் 'பெஸ்ஸி ஜாக்சன்' ஆனார். லேபிளில் இருக்கும் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணிவிடுவோம். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். பாடல் எந்தக் கம்பெனிக்காக, ஏறக்குறைய எப்போது பதிவானது என்பதைப் பிடிக்க அதுதான் உதவும்.

ஒலியை வைத்துப் பாடகியை எடைபோடுவதும் பெரிய தவறு. 1925 வரை மைக் கிடையாது. ஒரு கூம்புக் குழாய்க்கு முன்னால் நின்று பாட வேண்டும். ஆழமான ஒலிகளும் மெல்லிய ஒலிகளும் பதிவில் ஏறாது. அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. மா ரெய்னி பாடிய பாராமவுன்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றின் கிளை. சரக்கும் மட்டம், பதிவும் மட்டம். பெஸ்ஸி ஸ்மித் பாடியதோ கொலம்பியாவுக்கு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு "மா ரெய்னி அவ்வளவு ஒன்றும் இல்லையே" என்று சொல்பவர்கள் ஒப்பிடுவது இரண்டு கம்பெனிகளை. மா ரெய்னியின் 'சீ சீ ரைடர்' (1924) பாடலை இரைச்சலோடே நாலு தடவை கேளுங்கள். அதற்குள் காது பழகிவிடும்.

இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிவுகளைத் தேடிப் போக வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். 1925 ஜனவரியில் பெஸ்ஸி பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' ஓர் உதாரணம். பக்கவாத்தியம் இரண்டே இரண்டு: ஃப்ரெட் லாங்ஷாவின் ஹார்மோனியம், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட். ஹார்மோனியம் சுருதியைப் பிடித்தபடியே போகும். பெஸ்ஸி ஒரு வரியை இழுத்து முடித்து மூச்சு விடும் இடத்தில் கார்னெட் பதில் சொல்லும். தட்டின் கரகரப்பும் குரலின் மேல்பகுதியும் ஒரே இடத்தில்தான் கலந்து கிடக்கின்றன. கரகரப்பை அடியோடு வழித்தெடுத்தால் வார்த்தைகளின் விளிம்பும் கார்னெட்டின் பளபளப்பும் கூடவே போய்விடும். இன்னொன்று, அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. குரல் கனமாகவோ கீச்சென்றோ கேட்டால் வேகத்தையும் சந்தேகப்படுங்கள்.

கதைகளிடமும் ஜாக்கிரதை. 1937 செப்டம்பரில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே நடந்த கார் விபத்தில் பெஸ்ஸி இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் செத்தார் என்று அப்போது ஒரு பத்திரிகைக் கட்டுரை கிளப்பியது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவரைக் கொண்டுபோனது கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்கு. அந்த ஊரில் இனப்பாகுபாடு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு மருத்துவமனைகள் இருந்ததே பாகுபாடுதான். கல்லறையில் 1970 வரை பெயர்க்கல் இல்லை என்பது மட்டும் நிஜம்.

'மறக்கப்பட்டவர்' என்ற பட்டத்தையும் சட்டென்று கொடுத்துவிடக் கூடாது. ஆல்பர்ட்டா ஹன்டர் 1950களில் பாட்டை விட்டுவிட்டு, வயதைக் குறைத்துச் சொல்லி நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்தார். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது மருத்துவமனைக்கே தெரியாது. 1977இல் மறுபடி மேடையேறி, 1984இல் இறக்கும்வரை பாடினார். யாரும் அவரைத் தொலைக்கவில்லை. அவராகத்தான் விலகிப் போனார். அவருடைய முதுமைப் பதிவுகளை இளமைப் பதிவுகளோடு வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். எனக்குப் பிடித்தது, வயதான பிறகு அவர் குரலில் வந்த குறும்புதான்.

பழைய தட்டையே வாங்கப் போகிறீர்களா? எல்.பி.க்கான (பின்னால் வந்த வினைல் தட்டு) ஊசியை அதில் வைக்காதீர்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. மெல்லிய ஊசி அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு ஓடும். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் கீழே இருப்பது விரிசல் விடும், அதனால் நிறுத்தியே வையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் கிட்டேயே வரக்கூடாது. அந்தத் தட்டைப் பிடித்து நிறுத்துவது அரக்கு (அன்று உலகச் சந்தைக்குப் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்து போனதுதான்). அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். மென்மையான பிரஷால் தூசி தட்டி, லேசாக ஈரத்துணியால் லேபிள் நனையாமல் துடைத்தால் போதும்.