முகத்துக்கு லேசர் போடும் முன் ஆய்வுகளை எப்படிப் படிப்பது

"முகக் கருமைக்கு லேசர் வேலை செய்யுமா?" என்று கேட்டால் யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் கேள்வியே பாதிதான். எந்தக் கருமை என்று சொன்னால்தான் மீதி. ஒரே மெஷின், ஒரே டாக்டர், ஒரே மாதிரி சிட்டிங், ஆனால் ஒருவருக்கு வெயில் புள்ளி உதிர்ந்து போயே போய்விடும், இன்னொருவருக்கு மங்கு முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வரும். அதனால் ஆய்வுக் கட்டுரையைத் திறக்கும் முன் கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள்.

இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சிலருக்கு நெற்றியிலும் மேலுதட்டின் மேலும், வரைபடம் போல ஓரம் நெளிந்து பரவியிருந்தால் அது பெரும்பாலும் மங்கு. டாக்டர்கள் மெலாஸ்மா என்பார்கள். ஓரம் தெளிவாக வெட்டின மாதிரி, தனித்தனியாக, வெயில் படுகிற இடத்தில் வயதாக ஆகக் கூடிக்கொண்டு வருவது வெயில் புள்ளி. கண்ணைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், பெரும்பாலும் பிறப்பிலோ பதின்பருவத்திலோ வந்திருந்தால் அது ஓட்டா நீவஸ். பரு, புண், ஒவ்வாமை வந்து போன இடத்தில் மட்டும் இருந்தால் அழற்சி விட்டுச் சென்ற கறை. இது வீட்டுக் கணிப்பு மட்டுமே. இரண்டு வகை ஒரே முகத்தில் கலந்திருப்பதும் சகஜம். அதனால் தோல் டாக்டர் டெர்மோஸ்கோப்பிலும் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வுட்ஸ் விளக்கிலும் (புற ஊதா விளக்கு) பார்த்து ஒரு பெயர் எழுதித் தரட்டும். "பிக்மென்டேஷன்" என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது, அது காய்ச்சலுக்குப் போனவரிடம் "உடம்பு சுடுகிறது" என்று எழுதித் தருவது போலத்தான். ஒரு புள்ளி வளர்ந்துகொண்டே போனாலோ, ஒன்றுக்குள்ளேயே பல நிறம் தெரிந்தாலோ, அதன்மேல் லேசர் படவே கூடாது. தோல் புற்றுநோயில் ஒரு வகை ஆரம்பத்தில் வெயில் புள்ளி போலவேதான் இருக்கும், லேசர் மேல்நிறத்தை அழித்துவிட்டால் கண்டுபிடிப்பது தள்ளிப் போகும்.

லேசர் செய்கிற வேலையைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பிறகு வரும் முடிவுகள் ஆச்சரியமாக இருக்காது. 1983ல் ஆண்டர்சனும் பாரிஷும் சொன்ன கருத்துதான் அடிப்படை: நிறமித் துகள் உறிஞ்சுகிற அலைநீளத்தில், அந்தத் துகளின் சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவுவதற்குள் முடிந்துவிடுகிற அளவு குட்டியான துடிப்பாக ஒளியைக் கொடுத்தால் துகள் மட்டும் உடையும். க்யூ-ஸ்விட்ச் லேசரின் துடிப்பு நானோ விநாடிக் கணக்கு, அதாவது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. பிக்கோ லேசரில் அதைவிடவும் குட்டி. ஆக, லேசர் உடைப்பது ஏற்கெனவே உருவான நிறமியை. மங்கில் பிரச்சினை அங்கே மட்டும் இல்லையே. நிறமி தயாரிக்கும் செல்களே தூண்டப்பட்டுக் கிடக்கின்றன, அடியில் ரத்தக் குழாய்கள் பெருகியிருக்கின்றன, வெயிலும் ஹார்மோனும் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. ஒட்டடை அடித்தாயிற்று, சிலந்தி அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஓட்டா நீவஸுக்கு ஆதாரம் பலமானது. 1994லேயே ஒரு பெரிய மருத்துவ இதழில் 114 பேருக்குக் க்யூ-ஸ்விட்ச் ரூபி லேசர் கொடுத்த ஆய்வு வந்தது, சிட்டிங் கூடக் கூட நிறம் குறைந்தது, அப்புறம் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான். திரும்பி வருவது அபூர்வம். வெயில் புள்ளிக்கும் ஒன்றிரண்டு சிட்டிங்கில் நல்ல பலன் வருவதை நிறைய ஆய்வுகள் காட்டுகின்றன. பரு விட்டுப்போன கறைக்கு லேசர் முதல் மருந்தே அல்ல, மாதக்கணக்கில் தானாக மங்கக்கூடியதன்மேல் இன்னொரு சூட்டைக் கொண்டுபோய் வைப்பானேன்? மங்குதான் வம்பு. லேசர் கேட்டு வருகிற பலருக்கும் இருப்பது அதுதான் என்பது இன்னும் வம்பு.

மங்குக்கான ஒரு ஆய்வை எடுத்துப் படித்துப் பார்ப்போம். 2010ல் தாய்லாந்து டாக்டர்கள் வெளியிட்டது, 22 பேர். முகத்தின் ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறையாக ஐந்து தடவை குறைந்த சக்தியில் 1064 நானோமீட்டர் அலைநீள லேசர், கூடவே நிறமி உருவாவதைக் குறைக்கும் 2 சதவீத ஹைட்ரோகுவினோன் கிரீம். மறு பாதிக்குக் கிரீம் மட்டும். இந்தப் பாதி முக முறை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் ஒரே ஆளின் ஒரே ஹார்மோன், ஏறக்குறைய ஒரே வெயில், வித்தியாசம் லேசரில் மட்டும். கருவி வைத்து அளந்ததில் லேசர் பக்கம் சராசரியாக 92.5 சதவீத முன்னேற்றம், கிரீம் பக்கம் 19.7 சதவீதம். இந்த வரியோடு படிப்பதை நிறுத்தினால் நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுவோம். விளம்பரங்களும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வரியில்தான் நிற்கும். கட்டுரைச் சுருக்கத்தின் அடுத்த வரிகளுக்கு வாருங்கள்: மூன்று பேருக்குத் திட்டுத் திட்டாக வெளுப்பு, நான்கு பேருக்கு முன்பைவிடக் கருமை, மங்கு திரும்பி வந்தது எத்தனை பேருக்கு என்றால், அத்தனை பேருக்கும்.

எனக்கும் மங்கு உண்டு, இதைப் படித்த அன்று 92.5க்கும் "அத்தனை பேருக்கும்" என்பதற்கும் நடுவே கண்ணை ஓட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாட்கள் மட்டுமே. அதனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது முன்னேற்ற சதவீதத்தை அல்ல, கடைசி சிட்டிங் முடிந்து எத்தனை நாள் கழித்து அளந்தார்கள் என்பதை. மங்கு விஷயத்தில் ஒரு மாதம் கழித்து அளந்தது எனக்குக் கணக்கிலேயே சேராது, மூன்று மாதம் என்றால் படிப்பேன், ஆறு மாதம் ஒரு வருடம் என்றால் உட்கார்ந்து படிப்பேன். அப்புறம், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஒப்பிடவே இல்லையென்றால், வெயில் குறைந்த பருவத்தில் மங்கு தானாகக் கொஞ்சம் வெளுப்பதும் லேசரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். லேசர் கொடுத்த அதே நாட்களில் கிரீமும் சன்ஸ்கிரீனும் புதிதாக ஆரம்பித்திருந்தாலும் இதே சிக்கல்தான்.

அளந்தது யார், எப்படி என்பதும் உண்டு. மங்குக்கு மாஸி என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று பிரித்துப் பரப்பளவையும் அடர்த்தியையும் பார்த்து 0 முதல் 48 வரை போடுவார்கள். எந்தப் பக்கம் லேசர் பட்டது என்று தெரியாத ஒருவர் போட்ட மதிப்பெண்ணுக்கு மரியாதை அதிகம். போட்டோ மட்டும் என்றால் ஜாக்கிரதை. நான் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது ஆல்பம் காட்டினார்கள், முன் படத்தில் விளக்கு பக்கவாட்டிலிருந்து, பின் படத்தில் நேரெதிரே, மூக்கின் நிழலைப் பார்த்தாலே தெரிந்தது. தலைமுடி ஒதுக்கியிருந்தவிதம் கூட மாறியிருந்தது. புருவமும் உதடும் சேர்ந்து வெளுத்திருந்தால் அது கேமராவின் சிகிச்சை.

ஆய்வில் இருந்தவர்களின் தோல் உங்கள் தோல்தானா என்பது அடுத்தது. ஃபிட்ஸ்பாட்ரிக் என்று தோல் நிறத்தை, வெயிலில் அது எப்படிக் கருக்கிறது என்பதை வைத்து, வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஒன்று முதல் ஆறாகப் பிரிக்கும் வகைப்பாடு உண்டு, நம்மில் பலர் நான்கு, ஐந்து. இந்த வகைகளில் மேல்தோலிலேயே நிறமி அதிகம், லேசர் சூடு அங்கேயும் பிடித்துக்கொள்ளும், அதனால் புதுக் கருமை வரும் ஆபத்து கூடுதல். 532 நானோமீட்டரை மேல்தோல் நிறமி நிறைய உறிஞ்சும், 1064 ஆழமாகப் போகும், கருந்தோலுக்கு ஒப்பீட்டளவில் பத்திரம். ஒன்று, இரண்டு வகைத் தோலில் செய்த ஆய்வின் பக்கவிளைவுக் கணக்கை நமக்கு அப்படியே ஒட்டிக்கொள்ள முடியாது.

சரி, லேசர் இல்லாவிட்டால் வேறென்ன? மங்குக்குக் கிரீம்களின் ஆதாரம் இன்னும் வலு. 2010ல் வந்த காக்ரேன் அலசல் (பல ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்ப்பது) 20 ஆய்வுகளை, 2125 பேரைப் பார்த்தது, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து), ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் ஹைட்ரோகுவினோன் தனியாக இருப்பதைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது டாக்டர் நாள் குறித்துக் கொடுக்க வேண்டியது, கடையில் வாங்கி வருடக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், ஹைட்ரோகுவினோன் சிலருக்கு நீலக் கருமையை விட்டுச் செல்லும். சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ளதாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் கருந்தோலில் மங்கைத் தூண்டும், நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. இதையெல்லாம் மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தும் நகராவிட்டால்தான் லேசர் பேச்சு, அதுவும் கிரீமோடு சேர்த்து.

போட்டுக்கொள்வது என்று முடிவானால் காதுக்கு முன்னால் ஒரு சின்ன இடத்தில் டெஸ்ட் ஸ்பாட் கேளுங்கள். வெயில் புள்ளி போன்றவற்றில் அடித்த உடனே இடம் வெளுத்து, மறுநாள் கருத்து, மெல்லிய பொருக்காகி ஒரு வாரம் பத்து நாளில் உதிரும், பிய்க்கக் கூடாது. உதிர்ந்ததும் இளஞ்சிவப்பாகத் தெரிவதை வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள், புதுக் கருமை வருவதாக இருந்தால் மூன்று நான்கு வாரத்தில்தான் தலைகாட்டும், அதுவரை முழு முகத்துக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எப்போதாவது மூட்டுவாதத்துக்குத் தங்கம் கலந்த மருந்து எடுத்திருந்தால் பல வருடம் ஆகியிருந்தாலும் சொல்லிவிடுங்கள், க்யூ-ஸ்விட்ச் லேசர் பட்ட இடம் நீலமாகிவிடும். கண்ணருகே என்றால் கண்ணுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால், "ஆறு மாதம் கழித்து உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது?" என்று கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதற்கு முன், இன்றைக்கே, மேக்கப் இல்லாமல், ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரம் வைத்து நேராகவும் இரு பக்கமும் மூன்று படம் எடுத்து வையுங்கள்.