கமாஜி வைத்து ஹோஸ்டட் கண்ட்ரோல் பிளேன்: நோடு ரெடி, ஆனால் லாக் வரவில்லை

டீமுக்கு ஒரு குபர்நெட்டிஸ் கிளஸ்டர் (கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் மெஷின் கூட்டம்) என்று கேட்க ஆரம்பித்தால் முதலில் அடி வாங்குவது பட்ஜெட்தான். ஒழுங்காக அமைத்தால் ஒரு கிளஸ்டரின் கண்ட்ரோல் பிளேனுக்கு (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி) மட்டும் 3 வெர்ச்சுவல் மெஷின். பத்து கிளஸ்டர் என்றால் 30 மெஷின், அதில் பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ஹோஸ்டட் கண்ட்ரோல் பிளேன் என்பது இதற்கான வழி. ஏபிஐ சர்வர், கண்ட்ரோலர் மேனேஜர், ஷெட்யூலர் மூன்றையும் தனி மெஷினில் வைக்காமல், மேனேஜ்மென்ட் கிளஸ்டர் என்ற ஒரு தாய் கிளஸ்டருக்குள் சாதாரண பாடுகளாக (குபர்நெட்டிஸ் ஓட்டும் கன்டெய்னர் தொகுப்புகள்) ஓட்டிவிடுவது. அப்ளிகேஷன்கள் ஓடும் மெஷின்களான ஒர்க்கர் நோடுகள் மட்டும் வெளியே, எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

இதற்கு ரெட் ஹாட்டின் ஹைப்பர்ஷிஃப்ட், எஸ்ஏபி ஆரம்பித்த கார்டனர், மிரான்டிஸின் கே0ஸ்மோட்ரான் என்று பல இருக்கின்றன. ஓப்பன்ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் யோசிக்காமல் ஹைப்பர்ஷிஃப்ட்டுக்குப் போய்விடுங்கள். கார்டனர் பெரிய ஆட்களுக்கானது, இரண்டு பேர் இருக்கும் டீமில் அதை இறக்கினால் அதைப் பராமரிப்பதே வேலையாகிவிடும். எனக்குப் பிடித்தது கிளாஸ்டிக்ஸ் வெளியிடும் கமாஜி. உள்ளே ஓடுவது கியூப்அட்மின் (கிளஸ்டர் அமைக்கும் கருவி) வழி வந்த சாதாரண குபர்நெட்டிஸ் என்பதால் ஏதாவது உடைந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது.

கியூப்சிடிஎல், ஹெல்ம் இரண்டும் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒர்க்கர் மெஷினில் ஸ்வாப்பை அணைப்பது, கன்டெய்னர்டி போடுவது பற்றியும் எழுதப் போவதில்லை.

முதல் படி: தாய் கிளஸ்டர்

மேனேஜ்மென்ட் கிளஸ்டரில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: செர்ட்-மேனேஜர், ஒரு டிஃபால்ட் ஸ்டோரேஜ் கிளாஸ், லோடு பேலன்சர் ஐபி கொடுக்க ஏதாவது ஒன்று. சொந்த சர்வரில் என்றால் மெட்டல்எல்பி போதும். ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸான எட்சிடிக்கு டிஸ்க் தாமதம் ஆகவே ஆகாது, டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) எழுதும் நேரம் 10 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான அளவுகோல்.

அப்புறம் கிளாஸ்டிக்ஸின் ஹெல்ம் ரெப்போவைச் சேர்த்து, கமாஜி சார்ட்டை 'கமாஜி-சிஸ்டம்' நேம்ஸ்பேஸில் இன்ஸ்டால் செய்யுங்கள். வெர்ஷனைக் குறிப்பிட்டுப் போடுவது முக்கியம். எப்போதும் 'லேட்டஸ்ட்' எடுத்தால் அடுத்த அப்கிரேடில் எதிலிருந்து எதற்குப் போனோம் என்றே தெரியாது.

இரண்டாம் படி: டெனன்ட்

தாய் கிளஸ்டருக்குள் கண்ட்ரோல் பிளேன் ஓடும் ஒவ்வொரு கிளஸ்டரும் ஒரு டெனன்ட். இப்போது 'டெனன்ட்கண்ட்ரோல்பிளேன்' வகையில் ஒரு யாமல் எழுத வேண்டும். கவனிக்க வேண்டியவை இவைதான்: ரெப்ளிகாஸ் 3, சர்வீஸ் வகை லோடு பேலன்சர், குபர்நெட்டிஸ் வெர்ஷன், நெட்வொர்க் ப்ரொஃபைலில் போர்ட் 6443, ஆடான்ஸ் பகுதியில் கோர்டிஎன்எஸ், கியூப்-ப்ராக்ஸி, கொனெக்டிவிட்டி (இது எதற்கு என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்). சிலியம் என்ற நெட்வொர்க் ப்ளகின் வைத்து கியூப்-ப்ராக்ஸியைத் தூக்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஆடானை மட்டும் எழுதாமல் விடுங்கள்.

அப்ளை செய்த கொஞ்ச நேரத்தில் ஸ்டேட்டஸ் 'ரெடி' ஆக வேண்டும். 'ப்ரொவிஷனிங்' என்றே நின்றால் சர்வீஸைப் பாருங்கள், பெரும்பாலும் எக்ஸ்டர்னல் ஐபி 'பெண்டிங்' என்று இருக்கும். அந்த முகவரி சான்றிதழுக்குள் போக வேண்டியது, அது கிடைக்காமல் கமாஜி மேலே நகராது.

ரெடி ஆனதும் டெனன்ட் பெயரோடு 'அட்மின்-கியூப்கான்ஃபிக்' என்று முடியும் ஒரு சீக்ரெட் உருவாகியிருக்கும். அதிலிருக்கும் கோப்பை எடுத்து, அதை வைத்து கியூப்அட்மினில் டோக்கன் உருவாக்கி, வரும் ஜாயின் கட்டளையை ஒர்க்கர் மெஷினில் ஓட்டுங்கள். டோக்கனின் ஆயுள் 24 மணி நேரம். நோடு 'நாட்ரெடி' என்று வரும், பதற வேண்டாம், சிஎன்ஐ (பாடுகளுக்கான நெட்வொர்க் ப்ளகின்) போட்டதும் சரியாகிவிடும்.

மூன்றாம் படி: 8132

என்னை ராத்திரி வரை உட்கார வைத்தது இதுதான். நோடு ரெடி, பாடுகள் ஓடுகின்றன, 'கெட் பாட்ஸ்' அழகாக வருகிறது. ஆனால் 'லாக்ஸ்' அடித்தால் டைம்அவுட், 'எக்ஸெக்' அடித்தால் அதுவும் டைம்அவுட். மெட்ரிக்ஸ்-சர்வர் போட்டால் 'டாப்' வேலை செய்யவில்லை. ஒரு நேம்ஸ்பேஸை அழித்தால் 'டெர்மினேட்டிங்' என்று தொங்குகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும் இத்தனைக்கும் காரணம் ஒன்றே.

வழக்கமான கிளஸ்டரில் லாக் கேட்டால் ஏபிஐ சர்வரே நோடில் பாடுகளை ஓட்டும் ஏஜென்டான கியூப்லெட்டை 10250 போர்ட்டில் நேராகக் கூப்பிடும். இங்கே ஏபிஐ சர்வர் வேறொரு கிளஸ்டருக்குள் ஒரு பாடு. நோடுகள் இருக்கும் நெட்வொர்க்குக்கு அதனிடம் வழியே இல்லை. அதனால்தான் கொனெக்டிவிட்டி. நோடில் ஓடும் ஏஜென்ட் உள்ளிருந்து வெளியே, லோடு பேலன்சர் முகவரியின் 8132-க்குக் கூப்பிட்டு ஒரு சுரங்கத்தைத் திறந்து வைத்திருக்கும், ஏபிஐ சர்வர் அது வழியாகத் திரும்பி வரும். வெப்ஹூக் அழைப்புகளும் அதே வழிதான்.

ஃபயர்வாலில் 6443 மட்டும் திறந்து 8132 மூடியிருந்தால் நோடு சேரும், கியூப்லெட் ஹார்ட்பீட் அனுப்பும், எல்லாம் பச்சையாகத் தெரியும். திரும்பி வரும் பாதை மட்டும் இருக்காது. இதில் ஒரு கொடுமை, ஏஜென்ட்டின் லாக்கைப் பார்க்கலாம் என்றால் லாக் பார்ப்பதே வேலை செய்யாது! நோடுக்குள் எஸ்எஸ்எச் போய் கிரைசிடிஎல் (நோடில் இருக்கும் கன்டெய்னர்களை நேரடியாகப் பார்க்கும் கருவி) வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், நோடிலிருந்து நெட்கேட் வைத்து 8132 திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், பாதி நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நான்காம் படி: டேட்டாஸ்டோர்

டிஃபால்ட்டாக எல்லா டெனன்ட்டும் ஒரே எட்சிடியைப் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொருவருக்கும் தனி யூசர், தனி ப்ரீஃபிக்ஸ். ஒருவர் தரவை இன்னொருவர் பார்க்க முடியாது, சரி. ஆனால் இடம் பொது. எட்சிடிக்கு ஒரு கொள்ளளவு வரம்பு உண்டு, அதன் சொந்த டிஃபால்ட் 2 ஜிபி. ஒரு டெனன்ட் கண்டபடி சிஆர்டி (நாமே சேர்க்கும் புது வகை) ஆப்ஜெக்ட்களைக் கொட்டி அதை நிரப்பினால் 'நோஸ்பேஸ்' அலாரம் அடிக்கும், அதன் பிறகு எல்லோருக்கும் எழுதுவது நின்றுவிடும். பேக்அப்பிலும் இதே சிக்கல்: ஸ்னாப்ஷாட் என்பது மொத்த எட்சிடிக்கும் ஒன்று, ஒரே ஒரு டெனன்ட்டை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புவது லேசில் நடக்காது.

அதனால் ப்ரொடக்‌ஷன் டெனன்ட்டுக்குத் தனி டேட்டாஸ்டோர் என்பதே என் கட்சி. கமாஜி, கைன் (எட்சிடி இடத்தில் எஸ்கியூஎல் டேட்டாபேஸை வைக்க உதவும் இடைப்பகுதி) வழியாக போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டையும் ஏற்கும். போஸ்ட்கிரெஸ் ஏற்கெனவே பழகிய டீம் என்றால் அதையே எடுங்கள், டெனன்ட் வாரியாக டம்ப் எடுக்கலாம்.

அப்கிரேடும் அழிப்பதும்

அப்கிரேட் சுகமானது. யாமலில் வெர்ஷனை மாற்றினால் புது பாடுகள் வரும், பழையவை போகும். மைனர் வெர்ஷனை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள், ஒவ்வொன்றாகப் போங்கள். எப்போதும் கண்ட்ரோல் பிளேன் முதலில், நோடு அப்புறம். கியூப்லெட் ஏபிஐ சர்வரைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. 1.28 முதல் மூன்று மைனர் வெர்ஷன் வரை பின்தங்கலாம் என்பதால் நோடுகளை அவசரமில்லாமல் மாற்றலாம்.

அழிக்கும்போது வரிசை முக்கியம். டெனன்ட்டுக்குள் இருக்கும் லோடு பேலன்சர் சர்வீஸ்கள், வால்யூம்களை முதலில் நீக்கிவிட்டுத்தான் கண்ட்ரோல் பிளேனை நீக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அவற்றைச் சுத்தம் செய்யும் கண்ட்ரோலர்களுக்குப் பேச ஏபிஐ சர்வரே இருக்காது. கிளவுடில் அனாதையாக டிஸ்க் கிடக்கும், பில் வந்துகொண்டே இருக்கும்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலருக்கு 'எக்ஸ்509' பிழை வந்திருக்கிறது. நோடுகள் என்ஏடிக்கு வெளியே இருந்து பப்ளிக் ஐபி வழியாக வருகின்றன, சான்றிதழில் இருப்பதோ உள் ஐபி. நெட்வொர்க் ப்ரொஃபைலில் 'செர்ட்-எஸ்ஏஎன்ஸ்' பட்டியலில் அந்த ஐபியையோ டொமைன் பெயரையோ சேருங்கள்.

இன்னொருவர் முன்னால் டிஎல்எஸ்ஸை முடிக்கும் லேயர் 7 ப்ராக்ஸி வைத்திருந்தார். அது ஒத்துவராது, கிளையன்ட் சான்றிதழ் ஏபிஐ சர்வர் வரை போய்ச் சேர வேண்டும், டிசிபி பாஸ்த்ரூவாக மாற்றுங்கள்.

தாய் கிளஸ்டர் விழுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாடுகள் ஓடும், நோடில் கிராஷ் ஆன கன்டெய்னரைக் கியூப்லெட்டே மறுபடி கிளப்பும். ஆனால் புது டிப்ளாய், ஸ்கேலிங், செத்த நோடிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எதுவும் நடக்காது, அதுவும் எல்லா டெனன்ட்டுக்கும் ஒரே சமயத்தில். தாய் கிளஸ்டரை மூன்று வெவ்வேறு ஹோஸ்டில் பரப்பி, அதில் வேறு எந்த அப்ளிகேஷனையும் ஓட்டாமல் வையுங்கள்.