முதல் இறக்கத்துக்கு முன்: மலை சைக்கிளை வேலூர் மண்ணுக்குத் தயார் செய்வது எப்படி

கோட்டை அகழிக்கு முன்னால் நின்று கிழக்கே பார்த்தால் மொட்டைப் பாறைக் குன்றுகள். தெற்கே போனால் அமிர்தி, அதற்கும் அப்பால் ஜவ்வாது மலை. மேற்கே ரயில் ஏறினால் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஏலகிரி. பழைய வடஆற்காடு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மலை என்பது ஜன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயம். அதனால்தான் கியர் சைக்கிள் வாங்கிய இரண்டாவது மாதமே "அண்ணா, மலையிலிருந்து இறக்கி ஓட்டணும், முன்னாடி ஃபோர்க்கை மாத்தலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அமுங்கிக் குலுக்கலை வாங்கும் கவை, கடைசி. முதலில் தலை, அடுத்து பிரேக், அதற்கடுத்து டயர். கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில்தான் செலவழிக்க வேண்டும். இந்த வரிசையை நான் கற்றுக்கொண்ட இடம் ஏலகிரி. அதைப் பிரேக் பகுதியில் சொல்கிறேன்.

படி 1: தலை, முட்டி, கை

இறக்கத்துக்கு முகம் மூடிய ஹெல்மெட் வேண்டும். கன்னம், தாடை இரண்டையும் சுற்றி வளைத்து வரும் வகை. வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்1952 என்ற தர எண் இருந்தால் அது டவுன்ஹில், அதாவது மலை இறக்க, சைக்கிளுக்கென்றே சோதித்த ஹெல்மெட். வீட்டில் இருக்கும் மோட்டார் பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கனம் அதிகம், காற்றுப் புகாது. நம் ஊர் சித்திரை வெயிலில் பெடல் மிதித்து மேலே ஏறுவதற்குள் தலை சுற்றிவிடும்.

முட்டிக் கவசம் கட்டாயம், முழங்கைக் கவசம் இருந்தால் நல்லது. விரல் முழுதும் மூடும் கையுறை வேண்டும், ஏனென்றால் விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கைதான். ஷூவுக்குக் கீழ்ப்பக்கம் தட்டையாக, ரப்பர் மிருதுவாக இருக்கட்டும். ஓடுவதற்கான ஷூவின் தடித்த, வளைந்த அடிப்பாகம் பெடலில் நிலையாக நிற்காது.

படி 2: பிரேக்

ஏலகிரியில் இறங்கிய அன்று என் சைக்கிளில் இருந்தது கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக், சக்கரத்தோடு சுழலும் அதன் தட்டு 160 மி.மீ. விட்டம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்தவை. மேலிருந்து இறங்கும்போது பயத்தில் இரண்டு லீவரையும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் இறங்கியதும் ஒரு கருகல் வாடை. அதற்கடுத்த வளைவில் வலது கை லீவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டியது, வண்டி நிற்கவில்லை. மலைப்பக்க ஓடையில் இறக்கிவிட்டுத்தான் நிறுத்தினேன். முழங்கையில் 5 தையல். எதிரே பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ, இறக்கம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வந்து நிற்பதற்குள் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 560 கிலோ ஜூல். சுமார் 2 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு அது. காற்றுத் தடை கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், மீதி எல்லாம் அந்த இரண்டு மெல்லிய இரும்புத் தட்டுகளிலும் அவற்றை இருபுறமும் கவ்வும் நான்கு சின்னக் கட்டைகளிலும்தான் இறங்குகிறது.

இந்த விளையாட்டின் தொடக்கமே பிரேக் சூட்டோடு கலந்தது. 1976-ல் கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில் பழைய சைக்கிள்களை வைத்துக்கொண்டு இறக்கப் பந்தயம் நடத்தினார்கள். அவற்றில் இருந்தது பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒருமுறை இறங்கினாலே சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் ஆவியாகிவிடும், திரும்ப அடைக்க வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' (திரும்ப அடைப்பது) என்று பெயர் வந்தது.

இனி செய்ய வேண்டியவை. உங்கள் பிரேக் கம்பி வகையா, எண்ணெய் வகையா என்று பாருங்கள். லீவரிலிருந்து போகும் குழாய்க்குள் கம்பி தெரிந்தால் கம்பி வகை. இறக்கத்துக்கு எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறுங்கள். புதிதாக வரும் டவுன்ஹில் பிரேக்குகளில் தட்டைக் கவ்வும் ஒவ்வொரு காலிப்பரிலும் கட்டையை அழுத்தும் 4 பிஸ்டன் இருக்கும். ஆரம்பத்துக்கு 2 பிஸ்டன் போதும், ஆனால் தட்டு பெரிதாக வேண்டும். முன் சக்கரத்துக்கு 160-லிருந்து 180 மி.மீ.க்குப் போனாலே அதே விரல் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு பிடிப்பு கூடுகிறது, சூட்டைத் தாங்கவும் இரும்பு அதிகம் கிடைக்கிறது. தட்டை மாற்றினால் காலிப்பரை உயர்த்தும் அடாப்டரும் தேவை. உங்கள் ஃபோர்க் எத்தனை மி.மீ. தட்டு வரை தாங்கும் என்பதைக் கடையில் கேட்காமல் வாங்காதீர்கள்.

கட்டை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த சில தட்டுகளில் 'ரெசின் (பிசின்) கட்டைக்கு மட்டும்' என்று பொறித்திருப்பார்கள். அதில் உலோகக் கட்டை போட்டால் தட்டு தேய்ந்து போகும். உலோகக் கட்டைக்கு ஏற்ற தட்டு இருந்தால் இறக்கத்துக்கு அதுவே நல்லது, சூட்டை அதிகம் தாங்கும்.

எண்ணெயிலும் இரண்டு சாதி. ஷிமானோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் ஓடுகின்றன, ஸ்ராம் பிரேக்குகளில் பல மாடல்கள் பைக், கார் பிரேக்கில் ஊற்றும் வகையான டாட் திரவத்தில் ஓடுகின்றன. ஒன்றில் போட வேண்டியதை மற்றதில் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் கெட்டு பிரேக்கே போய்விடும். பைக் மெக்கானிக்கிடம் இருக்கும் பிரேக் ஆயிலை 'எல்லாம் ஒண்ணுதான்' என்று ஊற்ற விடாதீர்கள்.

புதுக் கட்டையும் புதுத் தட்டும் போட்ட அன்றே மலைக்குப் போகக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் சமதளச் சாலையில் சுமார் 20 கி.மீ. வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகத்துக்குக் குறையுங்கள். 20 முறை. பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்தில் 10 முறை. கட்டையின் மெல்லிய படலம் தட்டில் ஒட்டிய பிறகுதான் பிரேக் முழுசாகப் பிடிக்கும். நடுவில் தட்டை விரலால் தொடாதீர்கள், சுட்டுவிடும். விரலின் பிசுக்கும் பிடிப்பைக் கெடுக்கும்.

எந்தக் கை லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் சரிபாருங்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வலது கை முன் சக்கரம், வெளிநாட்டிலிருந்து வரும் சில வண்டிகளில் மாறியிருக்கும்.

படி 3: டயரும் முள்ளும்

பாலாற்று மணலோரம், ஏரிக்கரை, மலையடிவாரம் எங்கே போனாலும் சீமைக் கருவேல முள் இருக்கும். டியூப் போட்ட டயரில் ஒரு காலைப் பொழுதில் 3 பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். அதற்கு மேல் இறக்கத்தில் குறைந்த காற்று வைத்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். ஆகவே நம் ஊருக்கு டியூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் என்ற திரவத்தோடு ஓடும் டியூப்லெஸ்தான் சரி. ஆனால் ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். சாதா ரிம்மில் முயற்சி செய்யாதீர்கள், ஓட்டும்போது டயர் கழன்று வரும் ஆபத்து உண்டு.

2.3-லிருந்து 2.5 அங்குல அகலம் போதும். முன் டயருக்கு மிருதுவான ரப்பர், பின் டயருக்குக் கொஞ்சம் கெட்டியானது. பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறது, மாற்றிப் போடாதீர்கள். மாக்ஸிஸ் அஸகாய் போன்ற டயர்கள் இறக்கத்துக்கென்றே வந்தவை. தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாரோடு சேர்ந்து உருவாக்கியது அது. 2024-ல் ஷ்வால்பே நிறுவனம் மலை சைக்கிளுக்கு ரேடியல் டயர் கொண்டுவந்தது. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை ஓடுகிற பகுதிக்காரர்களுக்கு ரேடியல் என்ற சொல் புதிதல்ல. டயருக்குள் நூல் ஓடும் கோணத்தை மாற்றியிருப்பதால், தரையில் அதிக இடம் படிகிறது. நல்ல சரக்கு, முதல் டயராக அவசியமில்லை.

மாட்டும் முறை இது. பழைய டேப்பை உரித்து, ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். டியூப்லெஸ் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று ஒட்டி, வால்வுத் துளையை ஒரு சாண் தாண்டியதும் வெட்டுங்கள். கட்டைவிரலால் அழுத்தி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தடவுங்கள். துளையில் ஊசியால் குத்தி வால்வை நுழைத்து, கையாலேயே இறுக்குங்கள்.

டயரின் ஒரு பக்கத்தை முழுக்க உள்ளே தள்ளி, மறுபக்கத்தைக் கடைசி ஒரு சாண் வரை ஏற்றிவிட்டு, அந்த இடைவெளி வழியே சீலன்ட் ஊற்றுங்கள். 29 அங்குலச் சக்கரத்துக்கு 100 முதல் 120 மில்லி. ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மீதியையும் ஏற்றுங்கள். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாகப் புகும். வீட்டு பம்ப் போதவில்லை என்றால் பஞ்சர் கடைக்குப் போங்கள். மெல்லிய வால்வுக்கு அவர்கள் நாசில் பொருந்தாது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் முதல்முறை பார்த்துவிட்டு, "டியூபே இல்லாம எப்படி தம்பி நிக்கும்?" என்றார். காற்று ஏறி, ஓரம் ரிம்மில் உட்காரும்போது 'டப்... டப்' என்று இரண்டு சத்தம் கேட்டது. குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கார் டயர் மாதிரியே உக்காருது" என்று தலையாட்டினார். அந்த இரண்டு சத்தம்தான் அடையாளம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டி மட்டும் அடிக்க வேண்டாம்.

பிறகு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பது போல் எல்லாப் பக்கமும் ஆட்டுங்கள். உள்ளே சீலன்ட் சளசளவென்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். ஓரத்தில் பால் போலக் கசிந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து விடுங்கள், அடைத்துக்கொள்ளும்.

75 கிலோ ஆளுக்கு முன்னால் 24 பி.எஸ்.ஐ., பின்னால் 27 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் 2 கூட்டுங்கள். முள் குத்தினால் பதற வேண்டாம். பிடுங்கி எறிந்து, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் 2 மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியே ஊற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: கை வைக்கும் இடம், கால் வைக்கும் இடம்

இதில் அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஹேண்டில்பார் 760 முதல் 800 மி.மீ. அகலம், அதைப் பிடிக்கும் ஸ்டெம் 35 முதல் 50 மி.மீ. நீளம். குட்டி ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பெடல். கையில் பட்டன் அழுத்தினால் சீட்டு கீழிறங்கும் டிராப்பர் போஸ்ட் கிடைத்தால் சந்தோஷம். இல்லையென்றால் இறங்குமுன் எல்-கீ போட்டுச் சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள், பைசா செலவில்லை. செயின் குதித்து விழாமல் இருக்க, முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் செயின் கைடும் நல்லது.

வயர் இல்லாத எலக்ட்ரானிக் கியர், முன்னால் 29, பின்னால் 27.5 அங்குலச் சக்கரம் இதெல்லாம் இப்போது பந்தயத்தில் ஓடுகிறது. தொடங்குகிறவருக்கு இவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

படி 5: ஃபோர்க்

ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர், ஃபாக்ஸ் 40 போன்ற டவுன்ஹில் ஃபோர்க்குகள் சுமார் 200 மி.மீ. அமுங்கும், கழுத்துக்கு மேலும் கீழும் இரட்டைப் பிடியோடு வரும். அதை 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்கென்று செய்த உங்கள் சைக்கிளில் மாட்டினால் ஃபிரேம் உடையக்கூடும். இருக்கிற ஃபோர்க்கைச் சரியாக அமைத்தாலே பாதி வேலை முடிந்தது.

காற்று ஃபோர்க் என்றால், ஏறி நிற்கும்போது அது தானாக எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். ஃபோர்க் குழாயில் ரப்பர் வளையம் இருக்கும். இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் டையைத் தளர்வாகக் கட்டுங்கள். அதைக் கீழே தள்ளிவிட்டு, ஹெல்மெட், கவசம், தண்ணீர் பை எல்லாம் போட்டுக்கொண்டு, ஒருவரைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, பெடலில் முட்டி மடக்கி நில்லுங்கள். மெதுவாக இறங்கி வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளவெடுங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் 24 மி.மீ. வந்தால் 20 சதவீதம், அது சரி. கூடுதலாக அமுங்கினால் காற்று ஏற்றுங்கள், குறைவென்றால் இறக்குங்கள். இதற்கு ஷாக் பம்ப் தனியாக உண்டு, டயர் பம்ப்பால் அடிக்கக் கூடாது.

படி 6: இறங்கும் நாள்

காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். கோயில் படிக்கட்டுகளும் மக்கள் ஏறி இறங்கும் பாதைகளும் நமக்கானவை அல்ல. ஏலகிரி சாலையும் பயிற்சிக்கான இடமில்லை, பஸ்ஸும் லாரியும் வருகின்றன. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு சரளைக் கல் மேட்டு நிலம் ஒன்றைத் தேடுங்கள். காலை 6 மணிக்குள் போய்விடுங்கள். முதலில் பாதையை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பாறை மேலே மண் தூவியிருக்கிறது, எங்கே வழுக்கும் என்று கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டில் உட்காராதீர்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முட்டியும் முழங்கையும் மடங்கி, பார்வை சக்கரத்துக்கு வெகு முன்னால். ஒரு விரல் மட்டும் லீவரில். வளைவு வருமுன், நேர் பாதையில் பலமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் தட்டு ஆறுகிறது. அன்று ஏலகிரியில் நான் செய்யாதது இதுதான்.

முடித்து வந்ததும் ஹேண்டில்பார், ஸ்டெம், சக்கர அச்சு போல்ட்டுகளைத் திருகிப் பாருங்கள். தட்டு ஆறிய பிறகு, டார்ச் அடித்து பிரேக் கட்டையைப் பாருங்கள். தேயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் அடுத்த ஞாயிறுக்குமுன் மாற்றுங்கள். டயரில் உடைந்து ஒட்டிக்கொண்டிருக்கும் முள் நுனிகளை அன்றே சாமணத்தால் எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் அவை இன்னும் உள்ளே ஏறும்.