பறந்த மணிகளைச் சிவில் கணக்குக்குக் கொண்டுவந்த விதம்

அமெரிக்காவில் ராணுவத்திலிருந்து விமான நிறுவன வேலைக்கு வரும் விமானிக்கு, மற்றவர்களைப் போல 1500 மணி பறந்த அனுபவம் வேண்டியதில்லை. 750 மணியிலேயே வரம்புள்ள ஏ.டி.பி. (விமான நிறுவன விமானி) லைசென்ஸ் கிடைக்கும். எனக்கு இடித்தது, அதற்கு வேண்டிய கிராஸ் கன்ட்ரி (தொலைதூரப் பறப்பு) 200 மணிதான். ராணுவப் பதிவேட்டில் அதற்குத் தனிப் பத்தி இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலைத் தாண்டிய சார்ட்டிகளை (ராணுவப் பறப்புகளை) ஒவ்வொன்றாகப் பிரித்துக் குறித்தேன். வேறு ஓடுதளத்தில் இறங்கியிருக்க வேண்டாம். பயிற்சி வான்வெளிவரை போய்த் திரும்பியதும் சேரும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ராணுவக் கணக்கில் டாக்ஸி நேரம் (விமானம் தரையில் ஓடும் நேரம்) வராது. அதற்காகச் சார்ட்டிக்கு 0.2, 0.3 மணி கூட்டுவதைச் சில விமான நிறுவனங்கள் ஏற்கும், எல்லோரும் ஏற்பதில்லை. எனவே மூல மணியைத் தொடாமல், கூட்டலைத் தனிப் பத்தியில் வைத்தேன்.

இரட்டை எஞ்சினில் டி-38 பயிற்சி ஜெட் மட்டும் ஓட்டியவர்களுக்கு லைசென்ஸில் 'சென்டர்லைன் த்ரஸ்ட்' (எஞ்சின்கள் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் விமானம் மட்டும்) வரம்பு விழும். இறக்கையில் எஞ்சின் உள்ள விமானத்தில் தேர்வு கொடுத்து அதை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.