சர்க்கரை இறங்கும் முன்பே சொல்லி வையுங்கள்

எனக்கு 14 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது வேலைக்குப் போகிறேன். இதே நோயோடு கல்லூரிக்கோ வேலைக்கோ கிளம்பும் தம்பி தங்கைகளே, எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூடவே இருக்கும் இரண்டு பேரிடமாவது, உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவோம். இன்னும் இறங்கினால் பேச்சே குழறும். அப்போது யாருக்கும் எதையும் விளக்க முடியாது.

என் அறைத்தோழியிடம் நான் சொல்லி வைத்தது இது: "நான் உளறினால் இந்தப் பையைத் திற. 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலமாக அளந்து வைத்திருக்கிறேன். தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடு. 15 நிமிடம் கழித்து மீட்டரில் பார். 70 வரவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எக்காரணம் கொண்டும் இன்சுலின் போட்டுவிடாதே, அது சர்க்கரையை இன்னும் இறக்கிவிடும்." வாயால் சொன்னதோடு விடவில்லை, பையை அவளையே திறந்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

"நிறைய இனிப்பு சாப்பிட்டாயா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி போதும்: இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிட்டது, சாப்பாட்டால் வந்ததில்லை.

வீட்டில் பேசுவதுதான் கடினம். அம்மா போனை எடுத்ததுமே "சுகர் எவ்வளவு?" என்பார். அன்புதான். ஆனாலும் பரீட்சை மார்க்கைக் கேட்பது போல இருக்கும், அளவு சரியில்லாத நாளில் மறைக்கத் தோன்றும். அதனால், "அம்மா, 54-க்குக் கீழே போனால் அன்றைக்கே நானே சொல்கிறேன். மற்ற நாளில் எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளும்மா" என்றேன். அப்புறம்தான் எங்களால் மற்ற விஷயங்களையும் பேச முடிந்தது.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். எச்பிஏ1சி பரிசோதனை ரத்தச் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். ஊசியைத் தவிர்த்த நாட்களும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றிய இரவுகளும் அதில் தெரியாது. இந்தச் சலிப்பு பலருக்கும் வருவது, அதற்கும் உதவி உண்டு. கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். சொல்லக் கூச்சமானதை முதலில் சொல்லிவிடுங்கள், கிளம்ப எழுந்திருக்கும்போது தொடங்கினால் நேரம் போதாது.