படிக்கத் தெரியாதவரிடம் ஆய்வுக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி?

முதுகலை ஆய்வுக்காக, சர்க்கரை நோய் உள்ள கிராமத்துப் பெண்களிடம் பேச வேண்டியிருந்தது. ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தை ஒருமுறை திருப்பி அனுப்பியது. காரணம் ஒப்புதல் படிவம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

படி 1: குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறை வழிகாட்டுதல்களைப் படித்துவிடுங்கள்.

படி 2: ஆய்வைப் பற்றிப் பங்கேற்பவருக்குச் சொல்லும் தகவல் தாளைத் தமிழிலேயே யோசித்து எழுதுங்கள். "தன்னார்வப் பங்கேற்பு" என்று எழுதியிருந்தேன், ஒருவருக்கும் புரியவில்லை. "விருப்பம் இருந்தால் பேசுங்கள். பாதியில் நிறுத்தினாலும் ஆஸ்பத்திரி மாத்திரை நிற்காது" என்று மாற்றினேன். இது ஆய்வு, வைத்தியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமலே கவனித்தார்கள். அவர்களோ தங்களுக்கு வைத்தியம் நடக்கிறது என்றே நம்பினார்கள்.

படி 3: கைநாட்டு. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். படிவத்தை முழுவதும் வாசித்துக் காட்டும்போது, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. நான் என் உதவியாளரையே சாட்சியாகக் காட்டியிருந்தேன்.

இதன் அருமை களத்தில்தான் புரிந்தது. ஒரு பாட்டி, மை தொட்ட பெருவிரலைத் தாளுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு, "இதுல ரேகை வெச்சா கடன் எதுவும் வந்துடாதே கண்ணு?" என்றார். நான் இல்லை என்றேன், விரல் இறங்கவில்லை. சாட்சியாக இருந்த பக்கத்து வீட்டு அக்கா தாளை வாங்கித் தானே ஒருமுறை வாசித்துச் சொன்னார். அப்புறம்தான் ரேகை விழுந்தது.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் எதுக்கு வந்தேன்னு மருமகள் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள்.

படி 4: செல்போன் செயலியைவிடக் காகிதமே எனக்குப் பிடிக்கும்; ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். பெயர்கள் தனி நோட்டில், பதில் தாளில் எண் மட்டும். குரல் பதிவுக்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

பின்சேர்க்கை: கணவர் கையெழுத்துப் போட்டால் போதுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போதாது. வயது வந்த பெண் தானே சம்மதிக்க வேண்டும். அவர் வயல் வேலைக்குப் போயிருந்தால், சரி, இன்னொரு நாள் போங்கள்.