மீனைப் பிடிக்கிற பிடியில் ரத்தமே மாறும்

பெங்களூர் அல்சூரில் என் வண்ணமீன் கடையில் எந்த மீன் வேண்டும் என்று கை காட்டியதும் தொட்டி லைட்டை அணைத்துவிடுவேன். “லைட் போடுங்கண்ணா, மீனே தெரியல” என்பார்கள். மீனுக்கும் வலை தெரியக் கூடாது என்பதற்குத்தான் அணைக்கிறேன்.

வலை துரத்தத் தொடங்கியதுமே மீன் உடம்பில் அட்ரினலின் பாயும், பின்னாலேயே கார்டிசால் ஏறும். இரண்டும் பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடும், துள்ளுகிற துள்ளலில் லாக்டிக் அமிலம் சேரும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும். இவ்வளவும் தப்பிப் பிழைக்கத்தான். ஓய்வு கொடுத்தால் அடங்கிவிடும். வம்பு வெள்ளை அணுக்களில். கார்டிசால் இறங்காமல் நின்றால் நோயை எதிர்க்கும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் குறையும், எதிர்ப்புச் சக்தி தளரும். வாங்கிப்போன அன்று நன்றாக நீந்திய மீனுக்கு நாலைந்து நாள் கழித்து வெள்ளைப்புள்ளி நோய் வருவது பெரும்பாலும் இப்படித்தான். பழி தண்ணீர் மேல் விழும்.

சரி, எப்படிப் பிடிப்பது? முந்தைய நாள் தீனி வேண்டாம். இரண்டு வலை எடுங்கள்: ஒன்று மூலையில் அசையாமல் இருக்கட்டும், மற்றதால் மெதுவாக ஓட்டுங்கள். கண் துருத்திய டெலஸ்கோப் கோல்டு ஃபிஷ்ஷை வலையில் தூக்கவே கூடாது. டப்பாவுக்குள் ஓட்டி, தண்ணீரோடு மொண்டு எடுங்கள். தொட்டியின் அடியில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸுக்கும் டப்பாதான், அதன் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொள்ளும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் மீனுக்கு டிசம்பர் மாத பெங்களூர்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். கவரைப் பிரிக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிரித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது நெடும்பயணம் வந்த மீனுக்கு ஆகாது. கவர் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறும், மீன் கழிவில் சேர்ந்து அதுவரை சாதுவாக இருந்த அமோனியா நஞ்சாகும். சூடு ஒத்துவந்ததும் பிரித்து, மீனை மட்டும் விட்டுவிட்டு கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

நன்னீர் மீனின் ரத்தம் தொட்டித் தண்ணீரைவிட உப்பானது. மிரண்ட மீன் செவுள் வழியாக அந்த உப்பை இழக்கும், தண்ணீர் உள்ளே புகும். அதனால் கோல்டு ஃபிஷ், மாலி, கப்பிக்கு முதல் வாரம் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போடலாம். கோரிடோராஸ் இருந்தாலோ செடி வளர்த்தாலோ வேண்டாம்.

அப்புறம், விட்ட அன்று தீனி போடாதீர்கள். வேறு தொட்டிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு வாரமாவது பொறுங்கள். கண்ணாடியைத் தட்டும் பிள்ளைகளை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு என்னிடம் மருந்தில்லை.